பாட்டு எங்கே தேய்கிறது?

பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் வகுப்பு பாடிய பாட்டை ஒருவர் செல்போனில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கிய ஓர் அண்ணன், தொடக்கத்தில் இருந்த சலசலப்பை வெட்டிவிட்டு எம்பி3 கோப்பாகச் சேமிக்கிறார். இன்னொரு அக்கா அதில் விழாப் படங்களைச் சேர்த்து வீடியோ ஆக்குகிறார். அந்த வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுத்து வேறொருவர் ரிங்டோன் செய்துகொள்கிறார்.

கடைசியில் வந்த ரிங்டோனையும் முதல் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜால்ராவின் ‘ஜிங்’ கலங்கியிருக்கும். ‘ச’, ‘ஸ’ வரும் இடங்கள் மழுங்கியிருக்கும். தனித்தனியாகக் கேட்ட கைத்தட்டல் ஒரே இரைச்சலாகியிருக்கும்.

பாட்டு பல கை மாறி வந்ததால் தேய்ந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கை மாறியதால் அதற்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஒவ்வொரு கையிலும் அது மறுபடி மறுபடி சுருக்கப்பட்டது. தேய்மானம் அங்கேதான் நடந்தது. நகலெடுப்பது வேறு, மறுபடி சுருக்குவது வேறு. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால், நமக்குப் பிரியமான குரல்களைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் வழியும் தெரிந்துவிடும்.

நகலெடுத்தால் தேயுமா?

உங்கள் அப்பா, அம்மா சிறுவயதில் கேசட்டில் பாட்டுக் கேட்டிருப்பார்கள். கேசட்டுக்குள் இருக்கும் நாடாவில் காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒலி அலை எப்படி ஏறி இறங்குகிறதோ அதற்கேற்ப நாடாவில் காந்தத்தின் அளவும் ஏறி இறங்கும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டில் பதியும்போது அந்த ஏற்ற இறக்கத்தோடு நாடாவின் ‘உஸ்ஸ்’ என்ற சத்தமும் சேர்ந்து பதியும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் ‘உஸ்ஸ்’ இன்னும் கூடும். கேசட் காலத்தில் நகலெடுத்தாலே பாட்டு தேய்ந்தது.

கணினிக் கோப்பு அப்படி இல்லை. அதில் இருப்பவை 0, 1 என்ற இரண்டே குறிகள். நகலெடுக்கும்போது 0 இருந்த இடத்தில் 0 வரும், 1 இருந்த இடத்தில் 1 வரும். பென்டிரைவுக்கு மாற்றுங்கள், அங்கிருந்து நண்பரின் கணினிக்கு மாற்றுங்கள், அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். நூறாவது நகலும் முதல் கோப்பும் ஒரு குறிகூட வேறுபடாமல் இருக்கும்.

அப்படியானால் தேய்மானம் எப்போது நடக்கிறது? கோப்பைத் திறந்து, ஒலியை விரித்து, அதை மறுபடி வேறொரு கோப்பாகச் சுருக்கும்போது நடக்கிறது. எப்படி என்று புரிய, முதல் சுருக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒலி எண்ணாகிறது

காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதுதான் ஒலி. மைக் அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக மாற்றுகிறது. கணினி அந்த மின்சாரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இசைக் குறுந்தகட்டில், அதாவது சி.டி.யில், ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் பெயர் மாதிரி. ஒரு 0 அல்லது ஒரு 1 என்ற குறிக்குப் பெயர் பிட். ஒரு மாதிரியை எழுத 16 பிட். இடது காதுக்கு ஒரு வரிசை, வலது காதுக்கு ஒரு வரிசை என்று இரண்டு வரிசைகள்.

பெருக்கிப் பார்ப்போமா? 44,100 × 16 × 2 = 14,11,200. ஒரே வினாடிக்கு இத்தனை பிட்! நான்கு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 42 மெகாபைட் ஆகிவிடும்.

இன்றைய செல்போனுக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் 1990களின் கடைசியில் பல வீடுகளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. வினாடிக்கு அதிகபட்சம் 56,000 பிட்தான் வரும். அந்த வேகத்தில் இந்த ஒரு பாட்டை இறக்க 1 மணி 40 நிமிடம் ஆகும். பாட்டைச் சுருக்கினால்தான் வேலை நடக்கும் என்ற நிலை.

காதின் குணம் தெரிந்தவர்கள்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்ற பேராசிரியர், இதற்கு முன்பே தொலைபேசிக் கம்பி வழியாக நல்ல தரத்தில் இசையை அனுப்ப முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அதே ஊரில் உள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் இந்த வேலை வளர்ந்தது. பல நாட்டு ஆராய்ச்சியாளர்களின் உழைப்பும் சேர்ந்து எம்பி3 பிறந்தது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ‘எம்பி3’ என்ற வாலை 1995ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று அந்த நிறுவனத்தார் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் கணக்கை மட்டும் நம்பவில்லை. மனிதக் காது எப்படி வேலை செய்கிறது என்பதையும் படித்தார்கள்.

காதுக்குள் நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் நீளமான ஒரு மெல்லிய சவ்வு உண்டு. கீச்சுக் குரல் வந்தால் சவ்வின் நுழைவாயில் பக்கம் அதிகமாக அசையும். கனத்த குரல் வந்தால் உள் நுனிப் பக்கம் அதிகமாக அசையும். இதைக் கண்டறிந்த கியோர்க் ஃபான் பெக்கெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. பலமான ஓர் ஒலி, சவ்வின் ஓரிடத்தைப் பலமாக ஆட்டும்போது, அதற்கு மிக அருகில் மெதுவாக ஆட்ட முயலும் இன்னொரு ஒலி நமக்குக் கேட்காமல் போய்விடும். வினாடிக்கு 1,000 அதிர்வுகள் கொண்ட ஒலி பலமாக ஒலிக்கும்போது, 1,100 அதிர்வுகள் கொண்ட மெல்லிய ஒலி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதே அளவு மெல்லியதாக 5,000 அதிர்வுகள் கொண்ட ஒலி வந்தால் கேட்டுவிடும். அது சவ்வில் தள்ளி இருக்கும் வேறோர் இடத்தை அசைக்கிறது. இதற்கு ஒலி மறைப்பு என்று பெயர். எபர்ஹார்ட் ஸ்விக்கர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை மிக நுணுக்கமாக அளந்தார். கேட்கும் ஒலிகளைக் காது 24 பட்டைகளாகப் பிரித்துக் கையாளுகிறது என்று அவர் வரையறுத்தார்.

நேரத்திலும் மறைப்பு உண்டு. பலமாக ஓர் அடி விழுந்தால், அதற்குப் பின் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேலும்கூட மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை. அடிக்கு முன்னால் வரும் ஒலியும் மறையும். ஆனால் அது வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குத்தான். இந்தச் சின்ன எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எம்பி3இன் அடிப்படை இதுதான்: காதுக்குக் கேட்காத இடத்தில் சிக்கனம் செய், கேட்கும் இடத்தில் கவனமாக இரு.

முப்பத்து நான்கின் கதை

இப்போது சுருக்கும் மென்பொருளின் பட்டறைக்குள் போவோம். அது பாட்டை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. சி.டி. தரத்தில் ஒரு துண்டு, வினாடியில் ஆயிரத்தில் 26 பங்கு நீளம். நான்கு நிமிடப் பாட்டில் இப்படி 9,000க்கும் மேற்பட்ட துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்தச் சுருதி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்கிட்டு எண்களின் பட்டியல் ஒன்றைப் போடுகிறது.

அந்த எண்களை முழுத் துல்லியத்துடன் எழுத இடம் போதாது. அதனால் தோராயமாக்குகிறது. ‘இந்தப் பட்டையில் 10இன் மடங்குகளை மட்டும் எழுது’ என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். 34 வந்தால் 30 என்று எழுதும். 47 வந்தால் 50. 3 வந்தால் 0, அதாவது அந்த ஒலி பட்டியலிலிருந்தே போய்விடும்.

34க்குப் பதில் 30 எழுதினால் 4 அளவுக்குப் பிழை. இந்தப் பிழை, பாட்டைக் கேட்கும்போது மெல்லிய இரைச்சலாக வெளிவரும். பக்கத்தில் பலமான ஒலி இருந்தால் அந்த இரைச்சல் அதன் பின்னால் ஒளிந்துவிடும். எங்கே மறைப்பு அதிகமோ அங்கே 10, 20 என்று பெரிய படி வைக்கலாம். எங்கே காது கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே 2, 3 என்று சின்னப் படி வைக்க வேண்டும். எந்தப் பட்டைக்கு எந்தப் படி என்பதைத் துண்டுக்குத் துண்டு முடிவு செய்வதில்தான் நல்ல மென்பொருளின் திறமை இருக்கிறது.

இதன் பிறகு டேவிட் ஹஃப்மன் 1952இல் சொன்ன முறைப்படி, அடிக்கடி வரும் எண்ணுக்குக் குட்டிக் குறியும் அரிதாக வரும் எண்ணுக்கு நீளமான குறியும் கொடுத்து எழுதுகிறது. இதில் எந்த இழப்பும் இல்லை. இழப்பு முழுவதும் தோராயமாக்கிய இடத்தில் நடந்துவிட்டது. எழுதிய 30ஐப் பார்த்து, அது முதலில் 34ஆக இருந்ததா, 28ஆக இருந்ததா, 30ஆகவே இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்தால் வினாடிக்கு 14,11,200 பிட் இருந்த இடத்தில் 1,28,000 பிட் போதும். அதைத்தான் 128 கிலோபிட் என்கிறார்கள். பதினொன்றில் ஒரு பங்கு! பழைய தொலைபேசிக் கம்பியில் 1 மணி 40 நிமிடம் எடுத்த பாட்டு, சுமார் 9 நிமிடத்தில் வந்து சேரும்.

தனிக்குரல் வைத்த பரீட்சை

பிராண்டன்பர்க் தன் முறையைப் பல பாட்டுகளில் சோதித்தார். சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி எந்த வாத்தியமும் இல்லாமல் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டில் அவருடைய முறை தடுமாறியது. பலமான தாளமும் கிடாரும் சேர்ந்து ஒலிக்கும் பாட்டில் பிழை இரைச்சல் ஒளிய இடம் கிடைக்கும். ஒற்றைக் குரலில் ஒளிய இடம் இல்லை. மனிதக் குரலில் சின்ன மாற்றம் வந்தாலும் நம் காது கண்டுபிடித்துவிடும். அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தக் குரல் குரலாகவே ஒலிக்கும் வரை பிராண்டன்பர்க் தன் முறையைச் செப்பம் செய்தார்.

ரயன் மக்வயர் என்ற இசையமைப்பாளர் பிற்காலத்தில் இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார். அதே பாட்டை எம்பி3 ஆக்கும்போது எவையெல்லாம் தூக்கி எறியப்படுகின்றனவோ, அந்த ஒலிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஓர் இசைக்கோவை செய்தார். கழித்துக் கட்டிய ஒலிகளுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது என்பதை அதில் நாம் காதாலேயே கேட்கலாம்.

இரண்டாம் முறை சுருக்கினால்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை விரித்து, மறுபடி சுருக்கினால் என்ன ஆகும்?

நம் 34ஐ மறுபடி எடுங்கள். முதல் மென்பொருள் 10இன் மடங்காக்கி 30 என்று எழுதியது. இரண்டாவது மென்பொருள் அதே இடத்துக்கு 7இன் மடங்குகளைத் தேர்ந்தெடுக்கிறது. 30க்கு மிக அருகில் உள்ள 7இன் மடங்கு 28. ஆக 34 தேய்ந்து 28 ஆகிவிட்டது. பிழை 6.

மூலத்திலிருந்து நேரடியாக 7இன் மடங்காக்கியிருந்தால்? 34க்கு மிக அருகில் 35 இருக்கிறது. பிழை 1 மட்டுமே. ஒரே வேலையை இரண்டு தடவையாகச் செய்ததால் பிழை 1லிருந்து 6 ஆனது.

சில எண்களில் இரண்டாவது முறை பிழை குறையவும் செய்யலாம். 46ஐப் பாருங்கள். முதலில் 50, பிறகு 49. பிழை 4லிருந்து 3 ஆகிறது. ஆனால் ஒரு பாட்டில் இருப்பவை லட்சக்கணக்கான எண்கள். அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் பிழைகள் கூடிக்கொண்டேதான் போகும். இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு இரைச்சல் சேர்ந்தால், மொத்த இரைச்சலின் ஆற்றல் இரண்டு மடங்காகும்.

ஒரு புத்திசாலித்தனமான கேள்வி இங்கே எழும். இரண்டாவது முறையும் அதே 10இன் மடங்குகளை வைத்தால்? 30, 30ஆகவே இருக்குமே, பிழை கூடாதே! சரிதான். ஆனால் நடைமுறையில் அது அமைவதில்லை. காரணங்கள் மூன்று.

முதல் காரணம், படிகள் மாறிவிடும். வேறு மென்பொருள், வேறு கிலோபிட், வேறு வகைக் கோப்பு என்றால் கணக்கே வேறு. ஒரே மென்பொருளாக இருந்தாலும், தேய்ந்த ஒலியைப் பார்த்து அது எடுக்கும் முடிவு மூல ஒலியைப் பார்த்து எடுத்த முடிவிலிருந்து வேறுபடும்.

இரண்டாவது காரணம், துண்டுகளின் எல்லை நகர்ந்துவிடும். ஆண்டு விழாப் பாட்டின் தொடக்கத்தை அந்த அண்ணன் வெட்டினார் அல்லவா? வெட்டியதும் எல்லாமே முன்னால் நகர்ந்துவிட்டது. முதலில் ஒரே துண்டில் இருந்த ஒலி இப்போது இரண்டு துண்டுகளில் விழுகிறது. எண்களின் பட்டியலே மாறிப்போகிறது. 30 என்று எழுதியிருந்த இடமே இப்போது இல்லை.

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியம். எது பாட்டு, எது முதல் சுருக்கத்தின் பிழை என்று இரண்டாவது மென்பொருளுக்குத் தெரியாது. பிழையையும் பாட்டாகவே எண்ணி, அதையும் பத்திரமாக எழுதப் பார்க்கும். இருக்கும் கொஞ்சம் பிட்டில் ஒரு பங்கு பிழையை எழுதுவதற்கே போய்விடும். மேலும், பலமான ஒலிக்குப் பின்னால் இவ்வளவு இரைச்சலை ஒளித்து வைக்கலாம் என்று முதல் மென்பொருள் ஓர் அளவு பார்த்து, அந்த இடத்தை நிரப்பிவிட்டது. இரண்டாவது மென்பொருளும் அதே இடம் காலியாக இருப்பதாக எண்ணி இன்னொரு பங்கைக் கொண்டுவந்து வைக்கிறது. ஒளிய இடம் போதாமல் இரைச்சல் வெளியே வருகிறது. அப்போதுதான் ‘பாட்டு என்னவோபோல் இருக்கிறதே’ என்கிறோம்.

எங்கே முதலில் தெரியும்?

கைத்தட்டல், ஜால்ரா, சலங்கை, மிருதங்கத்தின் கூர்மையான அடி. தேய்மானம் முதலில் தலைகாட்டுவது இவற்றில்தான்.

மௌனமாக இருக்கும்போது டக்கென்று ஓர் அடி விழுகிறது என்று வையுங்கள். தோராயமாக்கியதால் வந்த பிழை, அடி விழுந்த நொடியில் மட்டும் இருக்காது. அந்தத் துண்டு முழுவதும் பரவும். அடி துண்டின் நடுவில் விழுந்தால், பிழையில் பாதி அடிக்கு முன்னாலேயே ஒலிக்கும்! அடிக்குப் பின்னால் வருவதைக் காது கண்டுகொள்ளாது. முன்னால் வருவதை மறைக்க ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் கிடைக்கும் என்று பார்த்தோம். துண்டின் நீளமோ ஆயிரத்தில் 26 பங்கு. அதனால் அடிக்கு முன்னால் ‘ஷ்’ என்று ஓர் இழுப்புக் கேட்கும். இதை முன்னெதிரொலி என்பார்கள். இதைக் குறைக்கத்தான் எம்பி3 மென்பொருள்கள் கூர்மையான அடி வரும் இடங்களில் துண்டுகளை இன்னும் சின்னதாக வெட்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே இழுபட்ட அடியை மறுபடி சுருக்கும்போது, அது கூர்மையான அடியாகவே தெரியாமல் போகலாம். மேலும் இழுபடும்.

கீச்சு ஒலிகளின் கதை வேறு. 128 கிலோபிட்டில் சுருக்கும்போது பல மென்பொருள்கள் 16,000 அதிர்வுகளுக்கு மேல் உள்ளதை அப்படியே வெட்டிவிடும். மனிதக் காது 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். அதனால் தாத்தாவுக்குத் தெரியாத இந்த இழப்பு உங்கள் காதுக்குத் தெரியக்கூடும். இந்த விஷயத்தில் வீட்டிலேயே நல்ல பரிசோதகர்கள் நீங்கள்தான்.

எல்லா மறுசுருக்கமும் உடனே காதைக் குத்திவிடாது. 256, 320 கிலோபிட் கோப்பை ஒருமுறை மறுபடி சுருக்கினால் பலருக்கும் வித்தியாசமே தெரியாது. குறைந்த கிலோபிட்டில், பல தடவை செய்யும்போதுதான் சேதம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழக்கிறோம், இழந்தது திரும்பாது என்பது எப்போதும் உண்மை.

128ஐ 320 ஆக்கினால்?

சிலர் 128 கிலோபிட் பாட்டை 320 கிலோபிட்டாக மாற்றிவிட்டு, தரம் உயர்ந்துவிட்டது என்று மகிழ்வார்கள். செம்பில் இருந்த பாலை அண்டாவில் ஊற்றினால் பால் கூடுமா? கோப்பு இரண்டரை மடங்கு பெரிதாகும், அவ்வளவுதான். முதலில் எறிந்த ஒலிகள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவை திரும்பி வர வழியே இல்லை. மாற்றும்போது புதிதாகக் கொஞ்சம் பிழை சேரவும் செய்யும்.

நமக்குத் தெரியாமலே நடப்பவை

‘நான் எதையும் மாற்றவே இல்லையே’ என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மறுசுருக்கம் பல இடங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது.

பாட்டை ஒரு செயலியில் திறந்து, ஒரு வினாடியை வெட்டிவிட்டு எம்பி3ஆகச் சேமித்தால், பெரும்பாலான செயலிகள் பாட்டு முழுவதையும் விரித்து மறுபடி சுருக்கும். வெட்டியது ஒரு வினாடி, தேய்ந்தது நான்கு நிமிடமும். வீடியோவில் பாட்டைச் சேர்த்தாலும் அப்படித்தான். அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றினால், அந்தத் தளம் தன் முறையில் இன்னொரு தடவை சுருக்கும்.

புளூடூத் ஹெட்போனில் கேட்கும்போதுகூட இது நடக்கிறது. செல்போன் பாட்டை விரித்து, காற்றில் அனுப்புவதற்காக உடனுக்குடன் மறுபடி சுருக்கி, ஹெட்போனுக்கு அனுப்புகிறது. ஆனால் கவலை வேண்டாம். அந்த நேரத்தில் காதுக்கு வரும் ஒலியில்தான் இழப்பு. செல்போனில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும்.

செய்து பாருங்கள்

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் வேண்டும். பெரியவர்களைக் கேட்டு நிறுவிக்கொள்ளுங்கள்.

முதலில் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் கைதட்டட்டும், ஒருவர் ஜால்ராவோ சாவிக்கொத்தோ ஆட்டட்டும். இதை டபிள்யூஏவி வகைக் கோப்பாகச் சேமியுங்கள். இந்த வகையில் சுருக்கமே கிடையாது. இதுதான் உங்கள் மூலம்.

அடுத்து இதை 64 கிலோபிட் எம்பி3ஆகச் சேமியுங்கள். அந்த எம்பி3ஐத் திறந்து, தொடக்கத்தில் மிகச் சின்னதாக ஒரு துணுக்கை வெட்டிவிட்டு, வேறு பெயரில் மறுபடி 64 கிலோபிட்டில் சேமியுங்கள். இப்படி இருபது தடவை. ஒவ்வொரு கோப்புக்கும் எண் போட்டுப் பெயர் வையுங்கள்.

ஒப்பிடுவதற்கு இன்னொரு வரிசையும் வேண்டும். முதல் எம்பி3 கோப்பை இருபது தடவை வெறுமனே நகலெடுங்கள். நகலின் நகல், அதன் நகல் என்று போகட்டும்.

இப்போது இரண்டு வரிசைகளின் கடைசிக் கோப்புகளையும் கேளுங்கள். நகலெடுத்த வரிசையில் ஒரு மாற்றமும் இருக்காது. மறுபடி மறுபடி சுருக்கிய வரிசையில் கைத்தட்டலும் ஜால்ராவும் என்ன ஆயின என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் ஒலியை வண்ணப்படமாகக் காட்டும் வசதி உண்டு. அதில் மூலத்தையும் எம்பி3ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், மேல்பக்கத்துக் கீச்சு ஒலிகள் வெட்டப்பட்டிருப்பது கண்ணுக்கே தெரியும்.

இதில் காது நம்மை ஏமாற்றவும் கூடும். ‘இது தேய்ந்த கோப்பு’ என்று முன்பே தெரிந்தால் தேய்ந்ததுபோலவே கேட்கும். அதனால் ஒரு நண்பரை உதவிக்கு அழையுங்கள். மூலத்தையும், ஒருமுறை சுருக்கியதையும் நாணயம் சுண்டிப் பார்த்து உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யட்டும். எது எது என்று பத்து முறை சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். ஆனால் ஒன்பதோ பத்தோ ஊகத்தில் சரியாக அமைய 1,024இல் 11 வாய்ப்புதான் உண்டு. நீங்கள் ஒன்பது முறை சரியாகச் சொன்னால், உங்கள் காது உண்மையாகவே வித்தியாசத்தைக் கேட்கிறது என்று நம்பலாம். பிறகு 128, 192, 320 கிலோபிட் என்று மாற்றிப் பாருங்கள். எந்த எண்ணில் உங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறதோ, அதுதான் அந்த ஒலிக்கு உங்கள் காதின் எல்லை.

தேயாமல் காக்கும் வழிகள்

ஒலியை இழப்பே இல்லாமல் சுருக்கவும் வழி இருக்கிறது. 2001இல் வெளிவந்த ஃபிளாக் என்ற கோப்பு வகை அப்படிப்பட்டது. முந்தைய மாதிரிகளைப் பார்த்து அடுத்த மாதிரி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். வித்தியாசம் சின்ன எண்ணாக இருப்பதால் இடம் மிச்சம். விரிக்கும்போது ஊகத்தோடு வித்தியாசத்தைச் சேர்த்தால் மூல எண்கள் ஒன்றுகூட மாறாமல் திரும்பக் கிடைக்கும். 34, 34ஆகவே வரும். எம்பி3 அளவுக்கு இது சுருங்காது. பெரும்பாலும் மூலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஆனால் ஃபிளாக்கை எத்தனை முறை விரித்து எத்தனை முறை ஃபிளாக்காகவே சுருக்கினாலும் தேய்மானம் இல்லை.

உலகின் ஒலிக் காப்பகங்களுக்கென்று ஒரு சர்வதேச சங்கம் இருக்கிறது. பழைய பதிவுகளைப் பாதுகாக்கும்போது எம்பி3 போன்ற இழப்புள்ள சுருக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அது தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. நாமும் அந்த வழியில் நடக்கலாம்.

வெட்டுவது, ஒட்டுவது, சத்தம் கூட்டுவது எல்லாவற்றையும் மூலப் பதிவில் செய்யுங்கள். வேலை முடிந்தபின் கடைசியில் ஒரே ஒருமுறை சுருக்குங்கள். எம்பி3தான் கையில் இருக்கிறது, கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றால், துண்டுகளின் எல்லையில் மட்டும் வெட்டி மற்றதை அப்படியே விட்டுவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். பிறருக்கு அனுப்பும்போது, பல அரட்டைச் செயலிகளில் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். வேறு வகைக் கோப்பு தேவைப்பட்டால், சுருக்கியதிலிருந்து செய்யாமல் மூலத்திலிருந்தே புதிதாகச் செய்யுங்கள்.

செய்யத் தகுந்த ஒரு வேலையும் உண்டு. உங்கள் வீட்டில் பாட்டி தாலாட்டுப் பாடுவார்களா? தாத்தாவுக்கு ஏற்றப்பாட்டோ நடவுப்பாட்டோ தெரியுமா? பள்ளிக்குப் பக்கத்தில் உடுக்கடித்துக் கதை சொல்பவர் யாராவது இருக்கிறாரா? இவையெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்காத பதிவுகள். தனிக்குரல், கூர்மையான தாளம். சுருக்கத்தின் பிழை ஒளிய இடமே இல்லாத ஒலிகள் இவை. அனுமதி கேட்டு, அமைதியான இடத்தில், டபிள்யூஏவியாகவோ ஃபிளாக்காகவோ பதிவு செய்யுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், என்ன தேதி என்று கூடவே எழுதி வையுங்கள். அந்த மூலக் கோப்பை மூன்று இடங்களில் நகலெடுத்து வையுங்கள். நகலால் கெடுதல் இல்லை என்பதுதான் தெரியுமே. கேட்பவர்களுக்கெல்லாம் அதிலிருந்து எம்பி3 செய்து கொடுங்கள். மூலத்தை மட்டும் யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எம்பி3ஐவிடச் சிறந்த வழி வந்தாலும், அன்றைக்கும் அந்த மூலத்திலிருந்தே தொடங்கலாம்.